குரோமை மூடினாலே லாகின் போய்விடுகிறது: பதில்

குரோமை மூடும்போதே குக்கீ, அதாவது நீங்கள் லாகின் செய்ததை நினைவில் வைக்கத் தளம் குரோமில் சேமிக்கும் சிறு குறிப்பு, அழிகிறது. அதனால்தான் உங்கள் கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியின் கணக்குத் தளம் தினமும் காலையில் மறுபடி பாஸ்வேர்டும் ஓடிபியும் கேட்கிறது.

முதலில் டேபை மட்டும் மூடித் திறந்து பாருங்கள். லாகின் அப்படியே இருந்தால், செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், அடிஷனல் கன்டென்ட் செட்டிங்ஸ், ஆன்-டிவைஸ் சைட் டேட்டா என்று போங்கள். விண்டோக்களை மூடும்போது டேட்டாவை அழிக்கச் சொல்லும் தேர்வு அங்கே இருக்கும். யாராவது 'பாதுகாப்பு' என்று அதைத் தட்டிவிட்டிருப்பார்கள். மாற்றிவிட்டு ஒருமுறை லாகின் செய்யுங்கள்.

அப்புறமும் கேட்டால், குரோமை மூடியதும் தானே அழியும் செஷன் குக்கீயைத்தான் தளமே தருகிறதாக இருக்கலாம். வங்கித் தளங்கள் வேண்டுமென்றே அப்படிச் செய்யும்.

மண்டியில் நாலு பேர் தொடும் கம்ப்யூட்டர் என்றால், மாற்றாமலே விடுங்கள்.