உரஞ்சுகிற ஆட்டுக்கெல்லாம் ஸ்கிரேபியா?

கேள்வி: எங்கள் மறியாடு கிளுவை வேலியில் உரஞ்சி உரஞ்சி மயிர் கொட்டிப்போச்சு. யூடியூபில் ஸ்கிரேபி என்கிறார்களே? (அச்சுவேலி)

முதலில் மயிரை விலக்கி, பேன், உண்ணி, சொறி இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் கதை அங்கேயே முடிந்துவிடும். ஸ்கிரேபி என்பது செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் வரும் மூளை நோய், அது அரிப்போடு நிற்காது. ஆடு தின்றுகொண்டே மெலியும், நடை தள்ளாடும், சின்னச் சத்தத்துக்கும் நடுங்கும், சில மாதங்களில் செத்துவிடும். தொற்றினாலும் வெளியே தெரிய 2 முதல் 5 வருடம் பிடிக்கும் என்பதால் ஆறு மாதக் குட்டி உரஞ்சினால் இந்தப் பயமே தேவையில்லை.

கேள்வி: திடீரென்று பின்னங்கால் இழுபடுகிறது, இதுவும் அதுவா? (வேலணை)

நம்மூரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது, மாட்டிலிருந்து நுளம்பு கொண்டுவரும் செற்றேரியாப் புழுவை. அது ஆட்டின் முள்ளந்தண்டுக்குள் போனால் கால் விழுந்துவிடும். அன்றைக்கே மிருக வைத்தியரிடம் காட்டுங்கள், பிந்தினால் கஷ்டம்.

கேள்வி: ஸ்கிரேபிக்கு ஊசி உண்டா?

இல்லை. தடுப்பூசியும் இல்லை.

கேள்வி: அப்படியென்றால் வெளிநாட்டில் எப்படி ஒழிக்கிறார்கள்? (சாவகச்சேரி)

இது பக்டீரியாவோ வைரஸோ அல்ல, பிரியான் எனும் உருக்குலைந்த புரதம். நஞ்சுக்கொடியிலும் குட்டி ஈனும்போது வடியும் நீரிலும் நிறைய இருக்கும், அதை நக்குகிற, தின்கிற ஆடுகளுக்கும் பிறந்த குட்டிகளுக்கும் தொற்றும். ஐஸ்லாந்தில் பட்டியையே அழித்த பிறகும் 16 வருடம் கழித்துப் பழைய கொட்டிலில் நோய் திரும்ப வந்திருக்கிறது! அவுஸ்திரேலியா 1952இல் இறக்குமதி ஆடுகளோடு வந்ததை உடனே கொன்று தப்பித்துக்கொண்டது. அமெரிக்கா 2001 முதல் செய்வது வேறு மாதிரி: காதில் இலக்கத் தோடு போட்டு, அறுக்கும் இடத்தில் மூளையைச் சோதித்து, நோய் கண்டால் அந்த ஆடு பிறந்த பட்டி வரை தேடிப் போகிறார்கள். அங்கே செம்மறிகளின் மரபணுவைப் பார்த்து, எளிதில் தொற்றக்கூடியவற்றை மட்டும் கழிப்பதால் முழுப் பட்டியும் போவதில்லை. என்னைக் கேட்டால் மரபணுவைவிட அந்தத் தோடுதான் பெரிய விஷயம், எந்த ஆடு எங்கிருந்து வந்தது என்று தெரியாவிட்டால் யாரைத் தேடுவது? நம்மவர்கள் வாங்கி விற்கிற கணக்கை ஒரு கொப்பியிலாவது எழுதி வைத்தால் எத்தனையோ நோய்க்கு உதவும்.

கேள்வி: கொட்டிலைக் கொதிதண்ணீர், டெட்டோல் விட்டுக் கழுவினால்? (புத்தூர்)

பிரியானுக்கு அது காணாது. செறிவான குளோரினிலோ கோஸ்டிக் சோடாவிலோ ஒரு மணித்தியாலம் ஊற வேண்டும், மண் தரையில் அதுவும் சரிவராது. எந்த நோய்க்கும் பொதுவாகச் சொல்கிறேன், ஆட்டின் இளங்கொடி விழுந்த உடனே எடுத்து, நாய் கிண்டாதபடி ஆழமாகத் தாழுங்கள், கிணற்றுக்கு நன்றாகத் தள்ளி. நம் சுண்ணக்கல் நிலத்தில் எதுவும் கிணற்றுக்குச் சீக்கிரம் இறங்கிவிடும்.

கேள்வி: அந்த இறைச்சி தின்றால் மனிதருக்கு வருமா?

ஸ்கிரேபி மனிதருக்குத் தொற்றியதாகச் சான்று இல்லை, மாட்டுக்கு வரும் பிரியான் நோயான மாட்டுப் பைத்தியம் வேறு விஷயம், அது மனிதருக்கும் தொற்றும். அதற்காக வருத்தக்கார ஆட்டை இறைச்சிக் கடைக்குத் தள்ளிவிடாதீர்கள்.

கேள்வி: நல்ல சாதி ஆடு வெளியிலிருந்து எடுக்க ஆசை. மறியா, கிடாயா? (கோப்பாய்)

ஸ்கிரேபியை மட்டும் பார்த்தால் கிடாய். நோய் பரவுவது குட்டி ஈனும் இடத்தில், கிடாயால் வரும் ஆபத்து மிகக் குறைவு. மறிதான் வேண்டுமென்றால் அதன் தாய் நிற்கிற பட்டியை நேரில் போய்ப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.