ஐம்பதை நெருங்கும் ஜோடியும் இருபத்தெட்டு வயது சிநேகிதமும்: கேள்வி பதில்

நான் பொதுமருத்துவன், வயது 57. நானும் மனைவியும் போகும் மலையேற்றக் குழுவில் எங்களுக்கு அடுத்த மூத்தவருக்கே 34 வயதுதான். தம்மைவிட இருபது வயது இளையவர்களோடு பழகும் நடுவயதுத் தம்பதிகளின் கேள்விகளுக்கு, அந்தத் தகுதியில்தான் என்னைப் பதில் கேட்டிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (திருச்சி, பெண், 46): எங்களுக்குக் குழந்தை இல்லை. மேல்வீட்டு இளம் தம்பதியோடு நல்ல ஒட்டுதல். வாரக் கடைசியில் சேர்ந்து சமைக்கிறோம், படம் பார்க்கிறோம். "வயசுக்கேத்த சகவாசம் கிடையாதா" என்று நாத்தனார் குத்துகிறார். தப்பா?

பதில்: தப்பே இல்லை. உங்கள் வயதுத் தோழிகளுக்கு முப்பதில் எல்.கே.ஜி. சீட், நாற்பதில் நீட் கோச்சிங், ஐம்பதில் வரன் தேடல். பிள்ளை இல்லாதவர்கள் அந்தப் பேச்சில் ஓரமாகத்தான் உட்கார வேண்டும். போதாததற்கு "விசேஷம் உண்டா" விசாரணை வேறு. மேல்வீட்டுக்காரர்கள் அதைக் கேட்க மாட்டார்கள். இப்போது அவர்களைத்தான் எல்லாரும் அதே கேள்வி கேட்டுக் குடைகிறார்கள். ஒட்டிக்கொள்ள இது போதாதா? ஒன்று சொல்கிறேன். நமக்கும் வயது குறைந்தமாதிரி இருக்கட்டும் என்று பழகினால் சீக்கிரம் களைத்துப்போவீர்கள். ஆட்களைப் பிடித்துப்போய்ப் பழகினால், பத்து மணிக்குத் தூக்கம் வருகிறது என்று கூசாமல் எழுந்து வரலாம்.

கேள்வி (மதுரை, பெண், 45): கணவருக்கு 49. ஓட்டலில் மெனு கார்டை ஒரு முழம் தள்ளிப் பிடித்து, போன் டார்ச் அடித்துப் படிக்கிறார். கூடப் பழகும் இளவட்டப் பசங்க முன்னால் கண்ணாடி போட வெட்கமாம்.

பதில்: டார்ச் அடிப்பதுதான் வயதை ஊருக்கே காட்டுகிறது. இது வெள்ளெழுத்து. நாற்பதுக்கு மேல் கண்ணின் லென்ஸ் விறைத்துப்போய், கிட்டத்தில் இருப்பதைப் பார்க்க வளைந்துகொடுக்காது. கண்ணாடி போட்டால் பவர் ஏறும் என்பார்கள். போடாவிட்டாலும் ஏறும், அறுபது வாக்கில் நிற்கும். கண் டாக்டரிடம் போகும்போது கண் அழுத்தமும் பார்த்துவிடச் சொல்லுங்கள். கண் நரம்பைக் கெடுத்துப் பார்வையைப் பறிக்கும் க்ளாக்கோமா பெரும்பாலும் வலியில்லாமல் வரும்.

கேள்வி (வேலூர், ஆண், 51): ஆபீஸ் பசங்க பௌர்ணமிக்குப் பர்வதமலை கூப்பிடுகிறார்கள். சுகர் உண்டு, மாத்திரை சாப்பிடுகிறேன். தினமும் அரை மணி வாக்கிங். போகலாமா?

பதில்: இந்தப் பௌர்ணமி வேண்டாம். திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள இந்தச் சிவன் கோயில் மலை சுமார் 4,500 அடி. கடைசியில் கடப்பாரைப் படி, ஏணிப்படி என்று கையையும் காலையும் சேர்த்து ஏற வேண்டும். சமதள வாக்கிங் அதற்குக் காணாது. இதயம் அதிகபட்சம் எவ்வளவு துடிக்கலாம் என்பதற்கு 220-இலிருந்து வயதைக் கழிப்பது ஒரு தோராயக் கணக்கு. உங்களுக்கு 169, இருபத்தேழு வயதுப் பையனுக்கு 193. அவன் பேசிக்கொண்டே ஏறும் இடத்தில் நீங்கள் உச்சத்தைத் தொட்டிருப்பீர்கள்.

முதலில் பிரஷர், ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சுகர்), ஈசிஜி, டாக்டர் சொன்னால் டிரெட்மில் டெஸ்ட். கிளிமிபிரைடு வகை மாத்திரை என்றால் விரதமிருந்து மலை ஏறவே கூடாது. சுகர் சட்டென்று இறங்கும். வியர்வையும் கைநடுக்கமும் வரும்போது ஏறிய களைப்பு என்றே தோன்றும். குளுக்கோஸ் சட்டைப் பையில் இருக்கட்டும், பேக்கின் அடியில் வேண்டாம். மூட்டு நோவது ஏறும்போதைவிட இறங்கும்போதுதான். இரண்டு மாதம் மாடிப்படியில் மெதுவாக இறங்கிப் பழகுங்கள். நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுங்கள். 2024-இல் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் வனத்துறை 40 பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறது. எளிதில் தொடங்குங்கள். நெஞ்சு இறுகினாலோ, தாடையிலோ கையிலோ வலி வந்தாலோ அங்கேயே உட்கார்ந்து ஆளைக் கூப்பிட வேண்டும். பசங்க முன்னால் கௌரவம் பார்க்கும் நேரமில்லை அது.

கேள்வி (சென்னை, ஆண், 55): கஃபேயில் இளம் நண்பர்கள் பேசுவதில் பாதி புரிவதில்லை. சிரித்து வைக்கிறேன்.

பதில்: வயதாக ஆக மெல்லிய, கீச்சென்ற ஒலிகள்தான் முதலில் காதுக்கு எட்டாமல் போகும். பாட்டும் மிக்ஸியும் சேர்ந்தால் பேச்சு கஞ்சியாகிவிடும். ஒரு ஆடியோகிராம், அதாவது காது கேட்கும் திறன் பரிசோதனை, எடுங்கள். கூட்டம் வருமுன் போய், ஸ்பீக்கருக்குத் தள்ளி உட்காருங்கள்.

கேள்வி (ஈரோடு, ஆண், 50): மனைவிக்கு 47. புது நண்பர்களோடு செகண்ட் ஷோ, ராத்திரி பிரியாணி என்று குஷியாக வந்தவர் இப்போது சள்ளென்று விழுகிறார். நான் மட்டும் போனால் அதற்கும் கோபம். பொறாமையா?

பதில்: ராத்திரி அவர் எத்தனை தடவை எழுந்து ஃபேனைக் கூட்டுகிறார் என்று கவனித்தீர்களா? மாதவிலக்கு திடீரென நிற்பதில்லை, சில வருடம் இழுத்தடிக்கும். மேலை நாடுகளில் சராசரியாக 51 வயதில் நிற்கிறது; நம் பெண்களுக்கு அதற்குச் சில ஆண்டு முன்பே. தூக்கம் கலையும், உடம்பு குப்பென்று சுடும், எரிச்சல் வரும். தைராய்டும் ரத்தசோகையும்கூட இப்படிப் படுத்தும், பரிசோதித்துவிடுங்கள். மகப்பேறு மருத்துவரிடம் சிகிச்சை உண்டு. ஒரு வருடம் நின்றபின் மறுபடி துளி ரத்தம் பட்டாலும் உடனே காட்ட வேண்டும். செகண்ட் ஷோவை மேட்னியாக்குங்கள். நண்பர்களிடம் காரணத்தை அவர் சொன்னால் சொல்லட்டும், நீங்கள் சொல்லாதீர்கள்.

கேள்வி (சென்னை, பெண், 52): கணவர் விளம்பரப் படத் துறையில் மூத்தவர். நட்பாக வந்த பையன் இப்போது "அவரை அறிமுகப்படுத்துங்கண்ணா, இவரை அறிமுகப்படுத்துங்கண்ணா" என்கிறான். இவருக்கு ஒரே பெருமை. எனக்கு உறுத்துகிறது.

பதில்: அந்த வயதில் நாமும் யார் வாசலிலாவது நின்றவர்கள்தானே. காரியம் ஆனபிறகும் சும்மா டீ குடிக்க வருகிறானா என்று பாருங்கள். கணவரையும் கொஞ்சம் பாருங்கள்: பையன் எடுத்த படத்தில் பிடிக்காததைச் சொல்கிறாரா, இல்லை 'அண்ணா' பட்டத்துக்காக எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறாரா? எனக்கென்னவோ அவர்மேல்தான் சந்தேகம். பணம் கேட்டால், திரும்பாவிட்டாலும் பரவாயில்லை என்கிற தொகைதான். கடனுக்கு ஜாமீன் கையெழுத்து வேண்டவே வேண்டாம். பொதுவாகக் கடன் வாங்கியவருக்கு உள்ள அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு.

கேள்வி (கோவை, ஆண், 53): நெருங்கிப் பழகிய ஜோடிக்குக் குழந்தை பிறந்து இரண்டு மாதம். ஒரு போன்கூட இல்லை. நாங்கள் அலுத்துவிட்டோமா?

பதில்: அந்த வீட்டில் போன் எடுக்க யாருக்கு ஐயா கை ஒழியும்? சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள், அரை மணியில் கிளம்பிவிடுங்கள். சளி, இருமல் இருந்தால் வாசலோடு சரி. கக்குவான் நமக்கு வெறும் இருமல், கைக்குழந்தைக்கு உயிராபத்து. அதற்குப் பெரியவர்களுக்கும் தடுப்பூசி உண்டு. உங்கள் டாக்டரைக் கேட்டு இருவரும் போட்டுக்கொண்டு, இரண்டு வாரம் கழித்துப் போங்கள்.