புல்லுக்கும் சோறு போடணும்: தீவனப் பயிர் கேள்வி பதில்

காங்கேயம்: ஐயா, கோ-4 தீவனப்புல் (கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்) நட்டு மூணு வருஷம் ஆச்சுங்க. முதல் வருஷம் ஆளுயரம் வந்துச்சு. இப்போ இடுப்புக்கு மேல எழும்பலை. ஒவ்வொரு அறுப்புக்கும் யூரியா தவறாமப் போடறேன்.

பதில்: கீழ் இலையைப் பாருங்கள். நுனியிலிருந்து நடு நரம்பு வழியாக மஞ்சளடித்தால் தழைச்சத்து (நைட்ரஜன்) குறை. ஓரம் மட்டும் தீய்ந்திருந்தால் சாம்பல்சத்து (பொட்டாசியம்) குறை. தழைச்சத்து மட்டும் தரும் யூரியாவையே போட்டுவந்த வயல் என்பதால், உங்களுடையது இரண்டாவதாகத்தான் இருக்கும்.

தானியப் பயிரில் தாளையாவது மடக்கி உழலாம். தீவனப் புல்லில் அடியோடு அறுத்துக் கொண்டுபோய்விடுகிறோம். கணக்குப் போடுங்கள்: ஏக்கருக்கு வருஷம் 100 டன் பச்சைப்புல் அறுத்தால், ஈரம் போக சுமார் 20 டன். அதில் நூறு கிலோவுக்கு ஒன்றரை கிலோ சாம்பல்சத்து என்று வைத்தாலும் 300 கிலோ வயலை விட்டுப் போகிறது. பரிந்துரைப்படி வருஷத்துக்கு ஒருமுறை ஏக்கருக்குப் போடும் பொட்டாஷ் (சாம்பல்சத்து உரம்) உரத்தின் எடையில் 27 கிலோதான். அது எந்த மூலைக்கு?

மீதியை மாடே திருப்பித் தரும். தின்ற சாம்பல்சத்தில் பெரும்பங்கு மூத்திரத்தில்தான் வெளியேறுகிறது. சாணியை அள்ளிக் குப்பைக்குழியில் சேர்க்கிற நாம், மூத்திரத்தைச் சாக்கடைக்கு விட்டுவிடுகிறோம். இது எனக்குத் தாங்காத விஷயம். கொட்டகைத் தரைக்குச் சரிவு கொடுத்து, கழுவும் தண்ணீரைப் புல் வயலுக்கே திருப்புங்கள். யூரியாவை நிறுத்த வேண்டாம்; ஒவ்வொரு அறுப்புக்கும் ஏக்கருக்கு 65 கிலோ போதும். பொட்டாஷை மண் பரிசோதனை பார்த்து, மூன்று நான்கு தவணையாகப் பிரித்துப் போடுங்கள்.

செங்கம்: கொட்டகைத் தண்ணி பாயற இடத்துல மட்டும் புல் கருகுது சார்.

பதில்: ஒரே மடையில் விடுகிறீர்கள். கிணற்றுத் தண்ணீரோடு கலந்து, பாத்தி மாற்றி மாற்றிப் பாய்ச்சுங்கள்.

சாத்தூர்: தீவனச் சோளம் மழையில்லாம வாடிக் கிடந்துச்சு. போன வாரம் மழை, உடனே யூரியா போட்டேன். தளதளன்னு வந்திருக்கு. மாட்டுக்கு அறுக்கலாமா?

பதில்: வேண்டாம், தொடாதீர்கள். இதில் இரண்டு விஷம் உண்டு. வாடித் துளிர்த்த இளஞ்சோளத்தில் சயனைடு. வறட்சிக்குப் பின் மழையும் யூரியாவும் சேர்ந்தால், அடித்தண்டில் நைட்ரேட். முன்னது வெயிலில் நன்றாக உலர்த்தினால் குறையும். நைட்ரேட் உலர்த்தினாலும் அப்படியே நிற்கும். பூ எடுக்கும்வரை பொறுங்கள். பிறகும் அடித்தண்டை ஒரு சாண் விட்டு அறுத்து, வைக்கோலோடு கலந்து கொஞ்சமாகக் கொடுங்கள். மாடு மூச்சுத் திணறி, ரத்தம் சாக்லேட் நிறத்தில் தெரிந்தால் நைட்ரேட். அடுத்த நிமிஷமே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

பல்லடம்: குதிரைமசாலுக்கு யூரியா எவ்வளவுங்க?

பதில்: மேலுரமாக வேண்டவே வேண்டாம். குதிரைமசால் பயறுவகைத் தீவனம்; அதன் வேர் முடிச்சு காற்றிலிருந்து தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும். விதையில் ரைசோபியம் (வேர் முடிச்சை உண்டாக்கும் நுண்ணுயிர்) கலந்து விதையுங்கள். இந்தப் பயிருக்குப் பசி மணிச்சத்துக்கு (பாஸ்பரஸ்). அடியுரமாக ஏக்கருக்கு 300 கிலோ சூப்பர் பாஸ்பேட் இடலாம்.

உடுமலை: சுண்ணாம்பு மண். சோளத்தில் புதுத்துளிர் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையா நிக்குது.

பதில்: இரும்புச்சத்துக் குறை. மண்ணில் போட்டால் சுண்ணாம்பு அதைக் கட்டிவிடும். லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்), 10 கிராம் யூரியா கலந்து, வாரம் ஒருமுறை மாலையில் தெளியுங்கள். புதிதாக வரும் இலை பச்சையாக வந்தால் நிறுத்திவிடலாம்.