இக்போ மூக்கு: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

நைஜீரியாவின் தென்கிழக்கே எனுகுவில் நாலு வருடம் உடற்கூறியல் பாடம் எடுத்தவன் நான். அந்தப் பகுதி இக்போ மக்களுடையது. பெரியவர்களின் மூக்கு அளவைப் பற்றி அங்கே என் மாணவர்கள் சிலர் புராஜெக்ட் செய்ததாகப் பேச்சுவாக்கில் சொல்லப்போக, கேள்விகள் குவிந்துவிட்டன. முடிந்தவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

செல்வி, தஞ்சாவூர்: மூக்கை எப்படி அளப்பீர்கள் சார்? ஸ்கேல் போதுமா?

போதாது, வெர்னியர் காலிப்பர் வேண்டும். ஆளை நேராக உட்கார வைத்துவிட்டு இரண்டு அளவு எடுப்போம். புருவங்களுக்கு நடுவே மூக்குத் தண்டு நெற்றியோடு சேரும் பள்ளத்திலிருந்து, மூக்கின் நடுச்சுவர் மேலுதட்டுக்கு மேல் வந்து முடியும் இடம் வரை உயரம். மூக்கின் ஒரு பக்க மடலின் வெளிப்புறத்திலிருந்து மறு பக்க மடலின் வெளிப்புறம் வரை அகலம். காலிப்பர் தோலைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. அகலத்தை உயரத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் நாசிக் குறியீடு.

கணக்கு சுலபம். சிரிப்புதான் எதிரி. சிரித்தால் மடல் விரியும். மாணவர்கள் ஒருவரையொருவர் அளந்தபோது, 'சிரிக்காதே' என்று அதட்டுவதிலேயே என் பாதி வகுப்பு போயிற்று. உயரம் 45 மி.மீ., அகலம் 42 என்றால் குறியீடு 93. சிரித்து அகலம் 44 ஆகிவிட்டால் கிட்டத்தட்ட 98. இந்த இரண்டு மில்லிமீட்டரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வேலை இருக்கிறது.

முருகேசன், சேலம்: இக்போ மக்களுக்கு இது எவ்வளவு வரும்?

70க்குக் கீழே குறுகல், 70 முதல் 85 வரை நடுத்தரம், அதற்கு மேல் அகலம் என்பது பழைய வகைப்பாடு. நைஜீரியாவின் போர்ட் ஹார்கோர்ட் பல்கலைக்கழகத்தார் அளந்ததில் இக்போ சராசரி சுமார் 94. அதே நாட்டின் மற்ற இரண்டு இனத்தாரில் யொருபா 89, இஜோ 96. மூன்றுமே அகல வகை.

அதே முருகேசன்: அப்படியானால் மூக்கைப் பார்த்தே இவர் இக்போ, இவர் இஜோ என்று சொல்லிவிடலாமே?

முடியாது. 94க்கும் 96க்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு புன்னகை தாண்டிவிடும் என்று இப்போதுதானே பார்த்தோம்! அதைவிட முக்கியம், சராசரியைச் சுற்றியுள்ள பரவல். என் வகுப்பிலேயே 80க்குக் கீழே வந்த பையனும் உண்டு, நூறைத் தாண்டியவனும் உண்டு. இருவர் வீட்டிலும் இக்போதான் பேச்சு. ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலும் இதே கதைதான்: ஆண்களின் அளவுகள் சராசரியில் கூடுதல், ஆனால் இரண்டு கூட்டமும் நன்றாகவே ஒன்றின் மேல் ஒன்று படிகின்றன.

ஃபாத்திமா, நாகூர்: வெயில் ஊரில் மூக்கு அகலமாக இருக்கும் என்பது உண்மையா?

ஓரளவு உண்மை. குளிர்ந்த, வறண்ட காற்று நுரையீரலுக்குப் போகுமுன் சூடேறி ஈரமாக வேண்டும். குறுகிய மூக்கில் காற்று உள்சுவரோடு உரசிப் போவதால் அந்த வேலை நன்றாக நடக்கும். ஆர்தர் தாம்சன் என்ற உடற்கூறியலாளர் நூறு வருடத்துக்கு முன்பே இதை முன்வைத்தார். 2017இல் வந்த ஒரு மரபியல் ஆய்வு, நாசித்துவார அகலமும் மடல்களின் அகலமும் வெப்பத்தோடும் காற்றின் ஈரத்தோடும் சேர்ந்து போவதைக் காட்டியது. மூக்கின் மற்ற பல அளவுகளுக்கு அப்படிப் பெரிதாக எதுவும் தெரியவில்லை. இக்போ நாடு மழையும் புழுக்கமுமான பூமி. மார்கழி, தை வாக்கில் சகாராவிலிருந்து ஹர்மட்டான் என்ற வறண்ட புழுதிக்காற்று வரும். உதடு வெடிக்கும், மூக்கு எரியும். எனக்குத்தான் அதிகம் எரிந்தது.

பெயர் வேண்டாம் என்றவர்: இதெல்லாம் வெள்ளைக்காரன் சாதி பார்த்த வேலைதானே? நீங்களும் அதையே செய்கிறீர்களா?

கோபம் நியாயம். 1901 இந்திய சென்சஸ் கமிஷனராக இருந்த ரிஸ்லி, மூக்கு அகலமாக அகலமாகச் சாதி கீழே போகும் என்று எழுதியவர். சென்னை மியூசியத்தின் எட்கர் தர்ஸ்டனும் காலிப்பரோடு நம் ஊர்களில் அலைந்தார். இக்போ பகுதிக்கு நார்த்கோட் தாமஸ் என்ற அரசு மானுடவியலாளர் 1910 வாக்கில் போய், ஆட்களை நேராகவும் பக்கவாட்டிலும் நிறுத்திப் படம் எடுத்தார். எண்களை வைத்து மனிதர்களை மேல், கீழ் என்று ஏணியில் ஏற்றியதுதான் அவர்கள் காலத்துக் குற்றம்.

இன்று அதே காலிப்பருக்கு வேறு வேலை. மூக்கின் அகலம் இரு கண்களின் உள்முனைகளுக்கு இடையிலுள்ள தூரத்துக்குச் சமம் என்பது ஐரோப்பிய ஓவியர்களின் பழைய விதி. விபத்தில் மூக்கு சிதைந்த ஓர் இக்போ பெண்ணுக்கு அந்த விதிப்படி சீரமைத்தால், கண்ணாடியில் அவருக்கு வேறு யாரோ தெரிவார்கள். அவர் ஊர்க்காரர்களின் அளவு கையில் இருந்தால்தான் சர்ஜன் சரியாகச் செய்ய முடியும். ஒரே அச்சில் வார்த்த முகக்கவசம் பலருக்கு மூக்கோரம் கசிவதும் இந்த அளவுகள் இல்லாத குறைதான்.

ஹரிணி, கோவை: பாடப்புத்தகத்தில் நாசிக் குறியீடு 51க்கு மேல் போனாலே அகலம் என்று இருக்கிறதே?

அது மண்டை ஓட்டுக்கு. எலும்புத் துவாரத்தை அளக்கிறார்கள், மடல் கிடையாது. பரீட்சையில் இரண்டையும் குழப்பிவிடாதே அம்மா.

ராஜி, காரைக்குடி: அங்கேயும் 'மூக்கும் முழியுமா' என்றால் கூர்மூக்குதானா?

அவர்கள் பேச்சில் மூக்குக்கு 'இமி' என்று பெயர். அக்போகோ ம்முவோ என்று கன்னி ஆவிகளின் முகமூடி ஒன்று உண்டு. ஆண்கள் அணிந்து ஆடுவார்கள். வெள்ளை முகம், சின்ன வாய், ஒடிசலான நேர் மூக்கு. அது அவர்கள் செதுக்கி வைத்த அழகு. அதை அணிந்து ஆடுபவனின் மூக்கு எப்படியும் இருக்கலாம்.

ராஜி மறுபடியும்: குழந்தையைக் குளிப்பாட்டும்போது எண்ணெய் வைத்து நீவினால் மூக்கு எடுப்பாகும் என்கிறாரே என் மாமியார்?

எனுகுவில் என் பக்கத்து வீட்டுப் பாட்டியும் இதையே சொல்லி, பேரன் மூக்கை நீவிக்கொண்டிருந்தார். குருத்தெலும்பு தன் பாட்டுக்கு வளரும். நீவியது நிற்காது. ஆனால் மாமியாரிடம் என் பெயரைச் சொல்லிவிடாதீர்கள்.