பழைய கேம்பிங் ஸ்டவ்வின் வயது: முத்திரையைப் படிப்பது எப்படி? (கேள்வி பதில்)

கேள்வி: பித்தளை ப்ரைமஸ் ஸ்டவ் ஒன்று கிடைத்திருக்கிறது சார். டேங்கின் அடியில் கம்பெனிப் பெயரோடு ஒற்றை எழுத்து மட்டும் தனியாக இருக்கிறது. அது என்ன?

பதில்: அதுதான் ஆண்டு. ப்ரைமஸ்காரர்கள் 1911-ல் ‘ஏ’ என்று தொடங்கி வருடத்துக்கு ஓர் எழுத்தாக அடித்துக்கொண்டே போனார்கள். ஒற்றை எழுத்துகள் தீர்ந்த பிறகு இரட்டை எழுத்து வந்தது. எனவே ஒற்றை எழுத்து என்றாலே பழைய வரிசை. தேய்ந்துபோன ‘ஈ’யும் ‘எஃப்’பும் ஒன்றுபோலத் தெரியும், ‘பி’யும் ‘ஆர்’ரும் அப்படித்தான். பூதக்கண்ணாடி இல்லாமல் முடிவு கட்டாதீர்கள்.

எழுத்தே காணோம் என்றால் உடனே 1911-க்கு முந்தையது என்று துள்ள வேண்டாம். பாலிஷ் போட்டுப் போட்டு அழித்திருப்பார்கள். டேங்கில் பி.ஏ. யோர்ட் என்ற பெயர் இருக்கிறதா பாருங்கள். ஸ்வீடன்காரர் லிண்ட்க்விஸ்ட் 1892-ல் உருவாக்கிய ப்ரைமஸ் ஸ்டவ்வை விற்ற ஸ்டாக்ஹோம் கம்பெனி அது. பிற்பாடு பாகோ ஆனது. 1962-ல் ப்ரைமஸின் மண்ணெண்ணெய் ஸ்டவ் பிரிவு ஆப்டிமஸ் என்ற இன்னொரு ஸ்வீடிஷ் கம்பெனியின் கைக்குப் போனது. ஆகவே ப்ரைமஸ், ஆப்டிமஸ் இரண்டு பெயரும் ஒரே டேங்கில் இருந்தால் அது 1962-க்குப் பிந்தையது.

கேள்வி: என் ஸ்வியா 123 ஸ்டவ்வில் ஸீவர்ட் என்று கம்பெனிப் பெயர் இருக்கிறது. நண்பருடையதில் ஆப்டிமஸ். எது ஒரிஜினல்?

பதில்: இரண்டும்தான். 1955-ல் 123-ஐக் கொண்டுவந்தது ஸீவர்ட். 1969-ல் அந்தத் தொழிலை ஆப்டிமஸ் வாங்கியது. நண்பருடையது அதற்குப் பிந்தையது, அவ்வளவே.

‘123ஆர்’ என்று இருந்தால் நிப்பிளைக் (எரிபொருள் வெளிவரும் நுண்துளை) குத்தும் ஊசி உள்ளேயே இருக்கிறது என்று பொருள். ஸ்டவ் முழுக்க ஆறியிருக்கும்போது தீயைக் கூட்டிக் குறைக்கும் சாவியை இடப்பக்கமாகக் கடைசிவரை திருப்புங்கள். நிப்பிள் ஓட்டையில் ஊசிமுனை எட்டிப் பார்க்கும். ‘ஆர்’ இல்லாததில் ஊசி வராது, மேலிருந்து தனி ஊசியால்தான் குத்த வேண்டும்.

டேங்கில் ‘ஆர்’ இல்லை, ஆனால் ஊசி வருகிறது என்றால் யாரோ பர்னரை மாற்றியிருக்கிறார்கள். மறை கழற்றினால் வந்துவிடும், அதனால் இது அடிக்கடி நடக்கும். முத்திரை எந்தப் பாகத்தில் இருக்கிறதோ அந்தப் பாகத்தின் வயதை மட்டுமே சொல்லும். பர்னர், டேங்க், மூடி, பெட்டி எல்லாவற்றையும் தனித்தனியாகப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கோல்மேன் ஒற்றை பர்னர் ஸ்டவ். அடியில் ஒரு பக்கம் 6, மறுபக்கம் 68. மாடல் நம்பரா?

பதில்: இல்லை. இடது பக்கம் மாதம், வலது பக்கம் ஆண்டு: 1968 ஜூன். கோல்மேன் என்ற எழுத்து நேராக இருக்கும்படி பிடித்துப் படியுங்கள். தலைகீழாகப் பிடித்தால் இதே முத்திரை 89, 9 என்று தெரியும். இடது பக்கம் 12-ஐத் தாண்டினாலே பிடித்தது தப்பு.

இதற்கு முந்தைய முறையில் ஆண்டோடு ‘ஏ’ இருந்தால் முதல் ஆறு மாதம், ‘பி’ இருந்தால் அடுத்த ஆறு மாதம். ‘பி 46’ என்றால் 1946-ன் பிற்பாதி.

இரட்டை பர்னர் மாடல்களில் டேங்க் கொக்கியிலிருந்து கழன்று கையோடு வந்துவிடும். எனவே பெட்டிக்கும் டேங்குக்கும் வயது ஒத்துப்போகாவிட்டால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. டேங்கில் எண்ணே இல்லையென்றால் பெயர்த் தகட்டில் முகவரியைப் பாருங்கள். கோல்மேனின் ஊரான விச்சிட்டாவுக்குப் பின்னால் ஐந்து இலக்க அஞ்சல் எண் இருந்தால் அந்தத் தகடு 1963-க்கு முந்தையதாக இருக்க முடியாது. அமெரிக்காவில் அந்த எண் முறையே அந்த ஆண்டுதான் வந்தது.

கேள்வி: அமெரிக்க பேடன்ட் நம்பரை வைத்து ஆண்டு சொல்லலாமா?

பதில்: அதற்கு முன்னால் செய்திருக்க முடியாது என்று மட்டும் சொல்லலாம். 20 லட்சமாவது பேடன்ட் 1935-ல், 30 லட்சமாவது 1961-ல், 40 லட்சமாவது 1976-ன் கடைசியில். அதே நம்பரை வருடக்கணக்கில் அடித்துக்கொண்டே இருந்திருப்பார்கள். விற்பவர்கள் பேடன்ட் ஆண்டையே தயாரிப்பு ஆண்டாகச் சொல்லி விலை ஏற்றுவது வழக்கம், ஏமாறாதீர்கள்.

கேள்வி: ஜெர்மன் ஸ்டவ்? ரஷ்ய ஸ்டவ்?

பதில்: ‘மேற்கு ஜெர்மனி’ என்று இருந்தால் 1949-க்கும் 1990-க்கும் இடையில். டி.ஆர்.பி. என்பது பழைய ரைஷ் (இரண்டாம் உலகப் போர் முடியும்வரை இருந்த ஜெர்மனி) காலத்துப் பேடன்ட் குறி, டி.பி.பி. போருக்குப் பிந்தைய மேற்கு ஜெர்மனியுடையது. சோவியத் ‘ஷ்மெல்’ ஸ்டவ்வில் ஐங்கோணத் தரமுத்திரை இருந்தால் 1967-க்குப் பிறகு. பலவற்றில் ரூபிளில் விலையையும் அடித்திருப்பார்கள்.

கேள்வி: முத்திரை தேய்ந்து ஒன்றுமே தெரியவில்லை. அமிலத்தில் ஊறவைக்கட்டுமா?

பதில்: அது கடைசி வழி. முதலில் எரிபொருளை வடித்து, மூடியைத் திறந்து காற்றாட வைத்து வாடை போக விடுங்கள். வெந்நீரும் பாத்திர சோப்பும் போட்டு மெல்லிய பிரஷ்ஷால் கழுவித் துடையுங்கள். அறையை இருட்டாக்கி, டார்ச்சை உலோகத்தோடு ஏறக்குறைய ஒட்டினாற்போல் படுக்கவைத்து அடியுங்கள். நேராக அடித்தால் பளபளப்புதான் தெரியும், சாய்த்து அடித்தால் பள்ளத்தில் நிழல் விழும். நான்கு பக்கமிருந்தும் போட்டோ எடுங்கள். ஒரு பக்கத்து வெளிச்சத்தில் மறைந்த கோடு இன்னொன்றில் வரும்.

அதிலும் வரவில்லையென்றால் மெல்லிய தாளை இறுக்கிப் பிடித்து 2பி பென்சிலின் பக்கவாட்டால் தேயுங்கள். அல்லது டால்கம் பவுடரைத் தடவி மேலோட்டமாகத் துடையுங்கள். பள்ளத்தில் நின்ற பவுடர் எழுத்தைக் காட்டும்.

பச்சைக்களிம்பு மூடியிருந்தால் மட்டும் சிட்ரிக் அமிலம்: லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி, 15 நிமிடம், உடனே நன்றாக அலசல். இரும்பு ஸ்க்ரூவையோ கால்களையோ அதே தண்ணீரில் போட்டால் கரைந்த தாமிரம் பித்தளைமேல் படிந்து இளஞ்சிவப்பாகிவிடும். பெயின்ட்டால் அச்சிட்ட லோகோவில் அமிலமும் கூடாது, தின்னரும் கூடாது. எஃகுக் கம்பளி எதற்குமே வேண்டாம்.

கேள்வி: 1950-களுடையது என்று உறுதியாகிவிட்டது. பற்றவைத்துப் பார்க்கலாமா?

பதில்: டேங்கை மேசைமேல் வைத்து அடிப்பாகத்தைப் பாருங்கள். முத்திரை உள்ள தட்டு வெளியே உப்பியிருந்தால் எப்போதோ அழுத்தம் எகிறியிருக்கிறது. அதைப் பற்றவைக்காதீர்கள், அலமாரியில் வையுங்கள். சரியாக இருந்தால் மூடி வாஷரையும் ஈய வாஷரையும் மாற்றி, பம்பின் லெதர் வாஷரை ஒரு ராத்திரி எண்ணெயில் ஊறவையுங்கள். காலி டேங்கில் காற்று அடித்து, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழ் வருகிறதா பாருங்கள். டேங்கில் முக்கால் அளவுக்கு மேல் ஊற்றாதீர்கள். மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் பெட்ரோல் கூடவே கூடாது. 123 போன்ற பெட்ரோல் ஸ்டவ்களில் மூடியில் பாதுகாப்பு வால்வு இருக்கும். அதன் ரப்பர் கெட்டியாகிப் போயிருந்தால் மாற்றிவிட்டுத்தான் தீக்குச்சியை எடுக்க வேண்டும்.