வாசகர் கேள்வி - பதில்: சூடான தண்ணீருக்கு ஒதுங்க இடம் வேண்டும்

கேள்வி: டேங்க் இல்லாத சிறிய பிரஷர் பம்ப் ஒன்றைச் சமீபத்தில் பொருத்தினோம். அதன்பிறகு 25 லிட்டர் கீசரின் அடியிலுள்ள வால்வில் தண்ணீர் சொட்டுகிறது. சுவிட்சைப் போட்ட கொஞ்ச நேரத்தில் ஆரம்பிக்கிறது. குளிக்கக் குழாயைத் திறந்ததும் நின்றுவிடுகிறது. வால்வை இரண்டு முறை மாற்றியாயிற்று. அந்த வாயை அடைத்துவிடலாம் என்கிறார் பிளம்பர். சரியா? (வாசகி, கோயம்புத்தூர்)

அடைக்கவே கூடாது. உங்கள் உயிரைக் காக்கிற வாய் அது. தெர்மோஸ்டாட் பழுதாகித் தண்ணீர் கொதிநிலையைத் தாண்டினால், அழுத்தம் வெளியேற அந்த ஒரு வழிதான் இருக்கிறது. அந்த நிலையில் டேங்க் கிழிந்தால் உள்ளே இருக்கும் தண்ணீரில் ஒரு பகுதி நொடியில் ஆவியாகும். ஆவியானால் அதன் கன அளவு சுமார் 1,600 மடங்கு. சுவரே பெயர்ந்து வரும்.

வால்வில் பழுதில்லை என்பதற்கு நீங்கள் எழுதியதே சாட்சி. சூடேறும்போது மட்டும் சொட்டுகிறது, குழாயைத் திறந்தால் நிற்கிறது. இது தண்ணீர் விரிவதால் வருவது. 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடானால் தண்ணீர் சுமார் 1.4 சதவீதம் பெருகும். உங்கள் கீசரில் அது 350 மில்லி, ஏறக்குறைய இரண்டு டம்ளர். முன்பு அது மாடித் தொட்டிப் பக்கமாகப் பின்வாங்கியிருக்கும். இப்போது பம்பிலுள்ள நான்-ரிட்டர்ன் வால்வு (தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடுவது) அந்த வழியை மறித்துவிட்டது. தண்ணீரை அமுக்கிச் சுருக்க முடியாது என்பதால் அழுத்தம் விறுவிறுவென ஏறி, சேஃப்டி வால்வு திறக்கும் அளவைத் தொடுகிறது. பல கீசர்களில் அந்த அளவு 8 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு). (கீசரை அணைத்திருக்கும்போதும் சொட்டினால் கதை வேறு: வால்வின் அடைப்பு உட்காரும் இடத்தில் தூசி, அல்லது பம்ப் அழுத்தமே அதிகம்.)

இதற்கு மருந்து ஒரு சிறிய எக்ஸ்பான்ஷன் டேங்க். உள்ளே ஒரு ரப்பர் டயஃபிரம். ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் தண்ணீர். பெருகிய தண்ணீர் ரப்பரைத் தள்ளிக்கொண்டு இடம் பிடிக்கும், காற்று சுருங்கி இடம் கொடுக்கும். உங்கள் லைன் அழுத்தம், அதாவது குழாயில் வரும் தண்ணீரின் அழுத்தம், 2 பார் என்று வைத்துக்கொள்வோம். அழுத்தம் 6 பாரைத் தாண்டாமல் 2 லிட்டர் டேங்க் ஒன்று 1.1 லிட்டர் வரை வாங்கிக்கொள்ளும். உங்களுக்கு அது தாராளம். குடிநீருக்கு ஏற்றது என்று லேபிளில் இருப்பதையே வாங்குங்கள். சிவப்பு நிற டேங்குகள் வழக்கமாக மூடிய ஹீட்டிங் சுற்றுக்கானவை.

எங்கே பொருத்துவது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். கீசரின் அடியில் வரும் இத்தகைய வால்வுகள் பலவற்றுக்குள்ளேயும் ஒரு நான்-ரிட்டர்ன் உண்டு. அது இருந்து, அதற்கு முன்னால், பம்ப் பக்கமாக டேங்கை வைத்தால் விரிந்த தண்ணீர் டேங்கை எட்டவே எட்டாது. வால்வுக்கும் கீசர் நிப்பிளுக்கும் (தண்ணீர் நுழையும் குழாய் முனை) நடுவில் 'T' வடிவ இணைப்பு ஒன்றைப் போட்டு அதில் இணைக்க வேண்டும். இடையில் மூடித் திறக்கும் வால்வு எதுவும் கூடாது.

இணைப்பதற்கு முன், டேங்க் காலியாக இருக்கும்போதே காற்றழுத்தத்தை லைன் அழுத்தத்துக்குச் சமமாக்குங்கள். 2 பார் என்றால் டயர் கேஜில் 29 psi காட்ட வேண்டும். டேங்கின் காற்று வால்வு கார் டயரில் இருக்கும் அதே வகை. சைக்கிள் பம்பே போதும். இதைச் செய்யாமல் மாட்டிவிட்டு, டேங்க் போட்டும் சொட்டுகிறதே என்று புலம்புவோர் நிறைய.

கேள்வி: எங்கள் பிரஷர் பம்பில் 24 லிட்டர் டேங்க் இருக்கிறது. ஒரு டம்ளர் பிடித்தால்கூட மோட்டார் டக் டக்கென்று ஓடி ஓடி நிற்கிறது. (வாசகர், மதுரை)

டேங்கில் காற்று இல்லை. பின்பக்க மூடியைக் கழற்றி வால்வின் நடு ஊசியை நகத்தால் அழுத்துங்கள். தண்ணீர் பீச்சினால் ரப்பர் கிழிந்துவிட்டது. உள்ளிருக்கும் ரப்பர் பையை மட்டும் மாற்றும் வசதி இருந்தால் அதை, இல்லையேல் டேங்கையே மாற்ற வேண்டும். காற்று மட்டும் சோர்வாக வந்தால் நிரப்பினால் போதும். மோட்டாரை அணைத்து, ஒரு குழாயைத் திறந்து தண்ணீர் முழுவதையும் வடித்துவிட்டு, குழாய் திறந்திருக்கும்போதே காற்றடியுங்கள். தண்ணீர் உள்ளே இருக்கும்போது கேஜ் காட்டுவது தண்ணீரின் அழுத்தத்தையே; அதை நம்பி ஏமாறாதீர்கள். மோட்டார் 1.4 பாரில் ஓடத் தொடங்குமானால் காற்று 1.2 பார் இருக்கட்டும். 2.8 பாரில் நிற்கும்படி இருந்தால், ஒரு ஓட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே சுமார் 8 லிட்டர் கிடைக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டால் மோட்டாரும் பிரஷர் சுவிட்சும் பிழைக்கும்.

கேள்வி: சோலார் ஹீட்டரின் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் குழாயில் வெந்நீர் வழிகிறது. மூடி போடலாமா? (வாசகர், சேலம்)

வேண்டாம். அழுத்தமில்லாத சோலார் டேங்குக்கு எக்ஸ்பான்ஷன் டேங்கின் வேலையை அந்த வென்ட் குழாய்தான் செய்கிறது. மூடினால் வெயிலில் டேங்க் உப்பும்; வெந்நீரை வேகமாக எடுக்கும்போது உள்ளே வெற்றிடமாகி ஒடுங்கும். குழாயின் நுனி, குளிர்நீர்த் தொட்டியின் நிரம்பிய மட்டத்தைவிட உயரமாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் குழாயை நீட்டுங்கள்.

கேள்வி: குளிர்ந்த தண்ணீர் சுற்றி வரும் எங்கள் மருத்துவமனை மைய ஏசியில் பழுதுபார்ப்புக்குப் பிறகு பம்ப் சரளைக்கல் உருள்வதுபோல் இரைகிறது, காயில்களில் (அறைக்காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருள்களில்) காற்று அடைக்கிறது. மாடியிலுள்ள எக்ஸ்பான்ஷன் டேங்கின் குழாயை பம்பின் டெலிவரி பக்கம் (தண்ணீர் வெளியேறும் பக்கம்) மாற்றியிருக்கிறார்கள். அதனாலா? (வாசகர், சென்னை)

அதேதான். டேங்க் இணையும் புள்ளியில் அழுத்தம் பம்ப் ஓடினாலும் நின்றாலும் மாறாது. டேங்கின் நீர்மட்ட உயரமே அதைத் தீர்மானிக்கிறது. டேங்கின் மட்டம் பம்பிலிருந்து 15 மீட்டர் உயரம், பம்பின் ஹெட் (பம்ப் கூட்டும் அழுத்தம், நீர் உயரக் கணக்கில்) 20 மீட்டர் என்று வையுங்கள். டெலிவரியில் இணைத்தால் அங்கே 15 மீட்டரே நிற்கும். சக்‌ஷன் (தண்ணீரை இழுக்கும் பக்கம்) அதிலிருந்து 20 குறைந்து, காற்றழுத்தத்துக்கும் 5 மீட்டர் கீழே இறங்கும். மேல் தளங்களில் நிலைமை இன்னும் மோசம். ஏர் வென்ட் வழியாகக் காற்று வெளியேறுவதற்குப் பதிலாக உள்ளே இழுக்கப்படும். சக்‌ஷனில் இணைத்தால் அங்கே 15, டெலிவரியில் 35. எங்குமே காற்று நுழைய வாய்ப்பில்லை. உடனே மாற்றச் சொல்லுங்கள். அந்தக் குழாயில் வால்வு இருந்தால் திறந்தபடியே பூட்டி வையுங்கள்.

மாற்றும்போது, டேங்கில் மட்டம் குறைந்தால் தண்ணீர் விடும் மிதவை வால்வையும் பாருங்கள். சுற்றில் 8,000 லிட்டர் இருந்தால், 7 டிகிரியில் ஓடிய பிளான்ட்டை நிறுத்தி, தண்ணீர் 35 டிகிரிக்கு வரும்போது ஏறக்குறைய 48 லிட்டர் பெருகும். மிதவையை உயரத்தில் வைத்திருந்தால் அத்தனையும் ஓவர்ஃப்ளோவில் போய்விடும். மறுபடி குளிர்ந்ததும் மிதவை புதுத் தண்ணீரை நிரப்பும். புதுத் தண்ணீரோடு ஆக்சிஜனும் வரும், துரு பிடிக்கும். துருத் தடுப்பு மருந்தும் நாளுக்கு நாள் நீர்த்துப்போகும். பிளான்ட் குளிர்ந்து ஓடும்போது டேங்கில் தண்ணீர் அடிமட்டத்தையொட்டி நிற்கும்படி மிதவையைத் தாழ்த்தி வையுங்கள்.