அம்மாவுக்குச் சரவாங்கி, எனக்கும் மகளுக்கும் வருமா?

கேள்வி: திருவொற்றியூரில் இருக்கிறேன். வயது 34. பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு ரெடிமேட் யூனிட்டில் தையல் வேலை. அம்மாவுக்குப் பன்னிரண்டு வருடமாகச் சரவாங்கி, விரல்கள் கோணிவிட்டன. தங்கைக்குப் போன வருடம் தைராய்டு வந்தது. அதுவும் உடம்பே உடம்பைத் தாக்குகிற வகைதான் என்றார்கள். கணவர் டைல்ஸ், கிரானைட் வெட்டுகிறவர். பீடி குடிப்பார். எங்கள் தெருவில் வெள்ளைத் துணி காயப்போட்டால் சாயங்காலத்துக்குள் தூசி படிந்துவிடும். ஒன்பது வயது மகள் ஆயாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கும் இப்படி ஆகுமாம்மா?" என்று கேட்கிறாள். ஒரு லேபில் மரபணுப் பரிசோதனையையும், உடம்பு தன்னையே தாக்குகிறதா என்று பார்க்கிற ஏ.என்.ஏ. ரத்த டெஸ்டையும் சேர்த்து பேக்கேஜாகத் தருகிறார்கள். எடுக்கலாமா? வீட்டை வேறு பக்கம் மாற்றிவிடலாமா?

பதில்: பேக்கேஜ் வேண்டாம். இந்த ஒரு காரணத்துக்காகக் கடன் வாங்கி வீடு மாற்றவும் வேண்டாம். ஆனால் நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன இரண்டு விஷயங்களில்தான் என் கண் நின்றது: கணவரின் பீடி, அவர் வெட்டுகிற கல். அங்கேதான் உங்கள் குடும்பம் இன்றைக்கே செய்யக்கூடியது இருக்கிறது.

முதலில் அம்மா வழியாக வருவது என்ன என்று பார்ப்போம். சரவாங்கி என்று நம் பக்கத்தில் சொல்வதும், முடக்குவாதம் என்று புத்தகத்தில் எழுதுவதும், ருமாட்டாய்டு ஆர்த்ரைடிஸ் என்று டாக்டர் சீட்டில் இருப்பதும் ஒன்றுதான். கிருமியை எதிர்க்க வேண்டிய எதிர்ப்பு சக்தி சொந்த மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிறது. தங்கைக்கு அதே சக்தி தைராய்டு சுரப்பியைத் தாக்குகிறது. தன்னெதிர்ப்பு நோய்கள் எனப்படும் இவை ஒரே குடும்பத்தில் வேறு வேறு உருவத்தில் வருவது உண்டு. பாட்டிக்கு வெண்புள்ளி, அத்தைக்கு தைராய்டு, பேத்திக்கு தோல், மூட்டு, சிறுநீரகம் எனப் பல உறுப்புகளைத் தாக்கும் லூபஸ் என்று ஒரே சீட்டில் எழுதியிருக்கிறேன். பரம்பரையாக வருவது நோய் இல்லை, அதற்கான ஒரு சாய்வு.

அந்தச் சாய்வு எவ்வளவு? பொதுவாக மக்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகத்தான் முடக்குவாதம் வருகிறது. அம்மா, அப்பா, கூடப்பிறந்தவர் யாருக்காவது இருந்தால் அது சுமார் மூன்று மடங்காகிறது. மூன்று மடங்கு என்றதும் பயம் வரும். கணக்கைத் திருப்பிப் பாருங்கள்: உங்களைப் போல நூறு மகள்கள் இருந்தால் தொண்ணூற்றேழு பேருக்கு வராது. இன்னொன்றும் சொல்கிறேன். உருவத்தில் மட்டுமில்லாமல் மரபணுவிலும் அச்சு அசலாக இருக்கும் இரட்டையரில் ஒருவருக்கு இந்த நோய் இருந்தால், மற்றவருக்கும் இருப்பது நூற்றில் பதினைந்து அளவுக்குத்தான். மரபணுவே எல்லாவற்றையும் தீர்மானிப்பதாக இருந்தால் நூற்றுக்கு நூறு வந்திருக்க வேண்டும். மிச்சத்தை முடிவு செய்வது பிறந்த பிறகு நடப்பவை.

அம்மா இதை நினைத்துக் குற்ற உணர்ச்சியில் இருக்கிறாரா என்று தெரியவில்லை. அப்படி என்னிடம் வருகிற பல அம்மாக்கள் இருக்கிறார்கள். பால் கவரைக் கத்திரிக்க விரல் மடங்காமல் பல்லால் கடித்துப் பிரிக்கிற ஒரு பெண், தன் வலியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல், "என் பொண்ணுக்கு நான் குடுத்துட்டேனா டாக்டர்?" என்று கேட்டார். இந்தக் கணக்கை அவரிடமும் சொன்னேன். உங்கள் அம்மாவிடம் நீங்கள் சொல்லுங்கள்.

சரி, பீடிக்கு வருவோம். முடக்குவாதத்துக்கான சுற்றுப்புறக் காரணங்களில் ஆதாரம் மிக வலுவாக இருப்பது புகையிலைப் புகைக்குத்தான். நுரையீரலுக்குள் போகிற புகை அங்கே ஓயாத அழற்சியை உண்டாக்குகிறது. அதில் சில புரதங்கள் சிட்ருலின் என்ற வடிவத்துக்கு மாறிவிடுகின்றன. வீட்டுப் பிள்ளைக்கு வேறு சட்டை மாட்டிவிட்டதும் வாட்ச்மேன் அடையாளம் தெரியாமல் விரட்டுகிற மாதிரி, எதிர்ப்பு சக்தி அதை அந்நியன் என்று எடுத்துக்கொள்கிறது. எச்.எல்.ஏ. என்ற மரபணுக் குடும்பத்தில் ஒரு குறிப்பிட்ட வகை உள்ளவர்களிடம் இந்தத் தவறு நடப்பது சுலபம். ஸ்வீடனில் 2006இல் வந்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. அந்த மரபணு இரண்டு பிரதியும் இருந்து, சிகரெட்டும் குடித்தவர்களுக்கு, சிட்ருலினைக் குறிவைக்கும் வகை முடக்குவாதம் வரும் வாய்ப்பு, இரண்டுமே இல்லாதவர்களைவிட 21 மடங்கு. மரபணுவை நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. புகையை நிறுத்த முடியும்.

"பீடி குடிப்பது அவர்தானே, நான் இல்லையே" என்று நினைக்காதீர்கள். பெற்றோரின் புகையை இழுத்து வளர்ந்த பெண் குழந்தைகளுக்குப் பெரியவர்களான பிறகு முடக்குவாத அபாயம் கூடுவதாக ஆய்வுகள் சொல்கின்றன. உங்கள் மகளுக்கு ஆயாவிடமிருந்து அந்த மரபணு வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். எப்படியிருந்தாலும் அவள் தூங்குகிற அறையில் புகை இருக்கக் கூடாது. விட்ட மறுநாளே அபாயம் இறங்கிவிடாது, பல வருடம் எடுத்து மெல்லத்தான் இறங்கும். அதனால்தான் இப்போதே விட வேண்டும் என்கிறேன். 1800-11-2356 என்ற இலவச எண்ணில் புகையிலையை விட ஆலோசனை தருகிறார்கள். கணவரை ஒருமுறை பேச வையுங்கள்.

அப்புறம் கல்தூள். இது எனக்குப் பீடிக்குச் சமமான கவலை. கிரானைட்டிலும் டைல்ஸிலும் குவார்ட்ஸ் இருக்கிறது. மெஷினில் உலர்வாக வெட்டும்போது அது கண்ணுக்குத் தெரியாத சிலிக்காத் தூளாகி நுரையீரலின் அடிவரை போகிறது. 1953இல் கேப்லன் என்ற மருத்துவர் வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் எக்ஸ்ரேக்களைப் பார்த்தபோது, முடக்குவாதம் உள்ளவர்களின் நுரையீரலில் மட்டும் தனி மாதிரியான உருண்டைக் கட்டிகளைக் கண்டார். தூசிக்கும் மூட்டுக்கும் உள்ள உறவு அப்போதிலிருந்தே பேசப்படுகிறது. இன்று முடக்குவாதம், லூபஸ், தோல் இறுகிப்போகும் ஸ்க்லீரோடெர்மா மூன்றுக்குமே சிலிக்கா ஒரு காரணி என்பது நன்றாகப் பதிவாகியிருக்கிறது. சிலிக்கா படிந்த நுரையீரலில் டி.பி. வருவதும் சுலபம். கிச்சன் மேடைக்கு இப்போது எல்லோரும் கேட்கிற செயற்கைக் குவார்ட்ஸ் பலகையில் சிலிக்கா தொண்ணூறு சதவீதத்தையும் தாண்டும். ஆஸ்திரேலியா 2024 ஜூலையிலிருந்து அதையே தடை செய்துவிட்டது.

கணவர் அந்த வேலையை விட முடியாது, புரிகிறது. ஆனால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வெட்டலாம். பாதித் தொல்லை அதில் அடங்கும். கைக்குட்டையோ துண்டோ கட்டினால் இந்தத் தூள் நிற்காது, முகத்தில் இறுக்கமாகப் பொருந்துகிற என்95 மாஸ்க் வேண்டும். வேலைத் துணியை வீட்டுக்குள் உதறக் கூடாது. வாசலிலேயே கழற்றி நேராகத் தண்ணீரில் போட்டுத் தனியாகத் துவையுங்கள். குளித்துவிட்டு வந்து மகளைத் தூக்கச் சொல்லுங்கள். சாயங்காலம் அப்பா வந்ததும் கழுத்தைக் கட்டிக்கொள்கிற பிள்ளையாகத்தான் இருப்பாள்.

உங்கள் வேலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மலேசியாவில் பெண்களை வைத்து நடந்த ஆய்வில், துணித் தூசிக்கு நடுவில் வேலை செய்தவர்களுக்கு முடக்குவாத வாய்ப்பு சுமார் மூன்று மடங்காக இருந்தது. அவர்களில் புகைப்பவர்கள் மிகக் குறைவு என்பதுதான் இதில் முக்கியம். ஒரு நாட்டு ஆய்வை வைத்துத் தையல் மெஷினை மூடிவிடச் சொல்ல மாட்டேன். அம்மாவுக்கு நோய் இருக்கிறது என்பதால் நீங்கள் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்துக்கொள்ளலாம். துணி வெட்டும் மேஜைக்குப் பக்கத்தில் உட்காராமல் ஜன்னல் பக்கம் இடம் கேளுங்கள். மெஷினில் சேரும் பஞ்சை ஊதித் தள்ளாமல் ஈரத்துணியால் துடையுங்கள். மாஸ்க் போடுங்கள்.

இப்போது தெருவில் விழும் அந்தத் தூசி. எண்ணூரிலிருந்து மணலி வரை அனல் மின் நிலையமும் பெட்ரோலிய ஆலைகளும் நடுவில் ஊரும் இருக்கிற நிலப்பரப்பு இது, தெற்கே கொடுங்கையூர் குப்பை மேடு. 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படிந்ததும், அதே மாதக் கடைசியில் இரவில் அம்மோனியா கசிந்து மக்கள் வீட்டைவிட்டு ஓடியதும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. "இந்தக் காற்றால்தான் அம்மாவுக்கு வந்ததா?" என்று நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனால் கேள்விக்குள் அது இருக்கிறது. காற்று மாசு அதிகமான இடங்களில் தன்னெதிர்ப்பு நோய்கள் ஓரளவு கூடுதலாக இருப்பதாக இத்தாலி உட்படச் சில நாடுகளின் ஆய்வுகள் காட்டுகின்றன. அந்தக் கூடுதல், புகையிலையும் சிலிக்காவும் செய்வதோடு ஒப்பிட்டால் சிறியது. ஒரு தனி மனுஷியின் மூட்டைக் காட்டி, இது இந்தப் புகைபோக்கியால் வந்தது என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. வீடு மாற்ற வேண்டாம் என்று நான் சொன்னது இதனால்தான், காற்று நன்றாக இருக்கிறது என்பதற்காக இல்லை. உலக சுகாதார நிறுவனம் பி.எம். 2.5 நுண்துகளுக்கு ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது. நம் நாட்டு வரம்பே 40. இதயமும் நுரையீரலும் இதில் படுகிற பாடு சந்தேகமில்லாமல் நிரூபிக்கப்பட்டது. உங்கள் தெருச் சங்கம் மாசைப் பற்றி மனு கொடுத்தால் கையெழுத்துப் போடுங்கள், நானும் போடுவேன்.

அந்த பேக்கேஜ் விஷயம். ஏ.என்.ஏ. டெஸ்டைக் குறைந்த அளவு நீர்த்த ரத்தத்தில், அதாவது 1:40இல் பார்த்தால், எந்த நோயும் இல்லாத ஆரோக்கியமான பத்துப் பேரில் மூன்று பேருக்கு பாசிட்டிவ் வரும். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஆறு மாதம் தூங்காமல் இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மரபணு டெஸ்டும் அப்படித்தான். அபாய வகை இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை. போதாததற்கு, இந்தக் கணக்குகள் பெரும்பாலும் ஐரோப்பியர்களை வைத்துப் போட்டவை. அங்கே பெரிதாகப் பேசப்படும் பி.டி.பி.என்.22 என்ற மரபணு மாற்றம் ஆசியர்களிடம் மிக அரிது. உங்களுக்கு நான் எழுதித் தரக்கூடிய டெஸ்ட் ஒன்றே ஒன்று: தங்கைக்கு இருப்பதால், தைராய்டு சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் டி.எஸ்.எச். ரத்த டெஸ்ட். அடுத்த குழந்தைக்கு யோசனை இருந்தால் கட்டாயம் பாருங்கள்.

பல் ஈறும் கவனிக்க வேண்டியது. ஈறு நோயை உண்டாக்கும் ஒரு பாக்டீரியா நான் மேலே சொன்ன அதே சிட்ருலின் மாற்றத்தை வாயில் செய்யக்கூடியது. ஈறில் ரத்தம் வந்தால் பல் டாக்டரைப் பாருங்கள். வைட்டமின் டி பற்றிப் பலர் கேட்பார்கள். அமெரிக்காவில் ஐந்து வருடம் தினமும் 2000 யூனிட் எடுத்தவர்களிடம் தன்னெதிர்ப்பு நோய்கள் 22 சதவீதம் குறைந்தன. அவர்கள் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள். அதைப் படித்துவிட்டு மெடிக்கலில் 60,000 யூனிட் பாக்கெட்டாக வாங்கி இஷ்டத்துக்குச் சாப்பிட வேண்டாம்.

டெஸ்டைவிட உங்களுக்குத் தேவை அடையாளம் தெரிந்துவைப்பது. காலையில் எழுந்ததும் விரல்கள் இறுகிப்போய், அரை மணி, ஒரு மணி நேரம் ஆனாலும் முஷ்டி மூட முடியவில்லை. விரல்களின் அடிக்கணுவும் நடுக்கணுவும் பொதபொதவென்று வீங்குகின்றன, இரண்டு கையிலும். ஒரு கையின் நான்கு அடிக்கணுக்களையும் மறு கையால் குறுக்கே பிடித்து மெல்ல அமுக்கினால் சுரீரென்று வலிக்கிறது. இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் தைலம் தேய்த்துக்கொண்டு இருக்காதீர்கள். முதல் மூன்று மாதத்துக்குள் சரியான மருந்து தொடங்கியவர்களின் விரல்கள் பெரும்பாலும் கோணுவதில்லை. சிட்ருலினைக் குறிவைக்கும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் ஆன்டி சி.சி.பி. என்ற டெஸ்டுக்கு அப்போதுதான் வேலை. ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் பொது மருத்துவ ஓ.பி.யில் காட்டலாம், அல்லது ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையின் மூட்டு நோய்ப் பிரிவுக்கே போகலாம்.

மகளிடம் மறைக்க வேண்டாம். "ஆயாவுக்கு வந்தது உனக்கு வரணும்னு இல்ல. வந்தாலும் சீக்கிரமே பாத்துட்டா கை இப்படி ஆகாது. ஆயாவுக்கு அப்போ லேட்டாயிடுச்சு" என்று சொல்லுங்கள். ஒன்பது வயதுக்கு இது புரியும்.

ஒருவேளை சந்தேகம் வந்து டாக்டரிடம் போக நேர்ந்தால், முந்தின நாள் மெடிக்கலில் கேட்டு வலி மாத்திரையோ ஸ்டீராய்டோ போட்டுக்கொண்டு போகாதீர்கள். வீக்கம் அமுங்கிவிடும், நோய் தெரியாது. ஓ.பி. வரிசையில் உங்கள் முறை வர பதினொரு மணி ஆகிவிடும், அதற்குள் காலை வீக்கமும் பாதி வடிந்திருக்கும். அதனால் எழுந்தவுடனே, வெளிச்சத்தில், இரண்டு கையின் பின்புறத்தையும் தலையணை மேல் வைத்து செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.